அரைஞாணில் ஒரு சாவி

"அரணாக்கயிறு அறுக்கோணும். பிளேடு ஒண்ணு குடுங்க" என்று சேலை மறைப்புக்குள்ளிருந்து குரல் வந்தபோதுதான் தனப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த சீயக்காய்க் கிண்ணம் சாய்ந்து பாதி தரையில் கொட்டியது.

காலையில் அயோத்தியாப்பட்டணத்தில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளுக்குப் போன் வந்ததிலிருந்து அவள் அழாத நேரமில்லை. அப்பா காளியப்பன் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். நாமக்கல் வரைக்கும் பஸ்ஸில் அழுதாள், அங்கிருந்து மோகனூர் ரோட்டில் வீடு வரும்வரை ஆட்டோவில் அழுதாள், வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சாவி மட்டும் நினைப்பில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பசங்களுக்குப் பாடம் எடுக்கிற மண்டையா இது, சுண்ணாம்புச் சட்டி என்று தன்னையே வைதுகொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள்.

தென்னை மரத்தடியில் நான்கு பேர் சேலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே ஆண்கள் அப்பாவுக்குத் தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தாயி அத்தை குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அங்க எங்க போற அம்மிணி? ஆம்பளைங்க இருக்கறாங்க."

"அத்தை, அப்பா இடுப்புக் கயித்துல ஒரு சாவி இருக்குதுங்க."

"இருந்தா அறுத்து உங்கண்ணன்கிட்டக் குடுப்பாங்க. எங்க போயிருது?"

ஓடி வந்ததே அதற்காகத்தான் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது?

"இதென்றா, பீரோ சாவியோட சேந்து இன்னொண்ணு தொங்குது?" உள்ளே யாரோ கேட்டார்கள்.

"அது பென்டிரைவுங்க மாமா." பெரியப்பா மகன் முருகானந்தத்தின் குரல். "சித்தப்பனுக்கு எதுக்கு பென்டிரைவு? அதுவும் இடுப்புல கட்டீட்டு?"

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் அன்பரசு, "இங்க குடு" என்றது கடைசியாகக் கேட்டது.

அந்த வீட்டில் நிலா என்கிற பெயரைச் சொல்லி எட்டு வருடமாகிறது. தனப்பிரியாவுக்கு அக்கா. கூடப் படித்த சித்தார்த்தைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் வேறு சாதி. இரண்டு பேரும் ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள் என்று யாரோ போன் போட்டுச் சொல்ல, முருகானந்தம் ஆட்களோடு போய் சித்தார்த்தின் கையை ஒடித்தான். கார் ஓட்டியது அன்பரசு. கூட்டம் கூடியதால் உயிர் தப்பிய இருவரும் அன்றைக்குப் போனவர்கள்தான், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. "எங்க இருந்தாலும் உடமாட்டேன்" என்று முருகானந்தம் குடித்தாலும் சொல்வான், குடிக்காவிட்டாலும் சொல்வான். காளியப்பன் நாலு பேர் நடுவில், "எனக்கு ஒரே பொண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் போர்வெல் ரிக் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சொன்னவர்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி அறையில் தனப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாச்சும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசோணும் சாமி" என்று குழந்தை மாதிரி அழுதார்.

எப்படிப் பேசுவது? அந்த வீட்டில் அடுத்தவர் போனை நோண்டாத ஆளே கிடையாது. அப்பாவின் மெயில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் திறந்திருக்கும், அண்ணன் போனிலும் திறந்திருக்கும். போர்வெல் லாரிகள் வடக்கே போய் வேலை செய்கிற தொழிலில் எல்லாச் சங்கதியும் அதில்தான் வரும். புதிதாக ஒன்று வைத்துக்கொண்டால் என்னத்துக்கு என்று கேட்பார்கள். மாற்றாமல், மறைக்காமல், எல்லார் கண்ணுக்கும் முன்னாலேயே வரவேண்டும், ஆனால் ஒருத்தரும் படிக்கக் கூடாது. தனப்பிரியா யோசித்து, மெயிலைப் பூட்டுகிற வித்தையை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தீர்மானித்தாள்.

"கோயில் உண்டியல்னு வெச்சுக்கங்க" என்றாள். "காசு ஆரு வேணும்னாலும் போடலாம். போட்டவனே நெனச்சாலும் திரும்ப எடுக்க முடியாது. சாவி வெச்சிருக்கறவங்க தொறந்தாத்தான் உண்டு. அக்கா எழுதறது உங்க உண்டியல்ல உழுகும். நீங்க எழுதறது அக்கா உண்டியல்ல உழுகும்."

"அப்ப நான் எழுதுனத நானே படிக்க முடியாதா?"

"பூட்டுனதுக்கப்பறம் முடியாதுங்ப்பா."

"நல்லதாப் போச்சு. அழுதுட்டு எழுதறது. திரும்பப் படிச்சா எனக்கே வெக்கமா இருக்கும்."

நிலாவின் பழைய தோழி ஒருத்தியைப் பிடித்து, அவள் மூலமாக அந்தப் பக்கமும் ஏற்பாடு செய்தாள் தனப்பிரியா. இந்தப் பக்கம் அப்பாவைப் பழக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒற்றை விரலால் தமிழ் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். ஒரு வரி முடிக்கும் முன்னால் காப்பி கேட்பார். ஆனால் பிடித்துக்கொண்ட பிறகு விடவில்லை. ஞாயிறு மதியம் தூங்குகிற ஆளே இல்லை அவர். அம்மா கீழேயிருந்து கூப்பிட்டால், "கணக்குப் பாத்துட்டு இருக்கறேன்" என்பார்.

நிலாவின் மெயில்கள் ஏதோ எண்ணெய் விளம்பரக் கம்பெனிப் பெயரில் வரும். போனில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கன்னாபின்னாவென்று கலந்து நீளமாக ஓடும். முருகானந்தம் ஒருமுறை அதைப் பார்த்து, "என்னங்க சித்தப்பா இது?" என்று கேட்டதற்கு, "ஏதோ வெளம்பரமாட்ட இருக்குது. எழுத்தே செரியா வர மாட்டீங்குது, நீ வேணா பாத்துச் சொல்லு" என்று போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார் மனுஷன். அன்றைக்கு மாடியில் அப்பாவும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு!

உண்டியல் சாவி ஒரு சின்ன பென்டிரைவில் இருந்தது. விரல் நகம் அளவுக்கு, முழுக்க இரும்பு. அதற்கு நகல் கிடையாது. நகல் இருந்தால் யார் கையிலாவது சிக்கும் என்று தனப்பிரியாதான் வேண்டாமென்றாள். எங்கே வைப்பது என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் பெரிய விவாதமே நடந்தது.

"பீரோவுல வெச்சா உங்கம்மா தொறப்பா. சட்டைப் பையில வெச்சா தொவைக்கறப்பப் போயிரும். பேசாம அரணாக்கயித்துல கட்டிக்கறேன். பீரோ சாவியோட அதும் கெடக்கட்டும். நான் செத்தாத்தான் இடுப்ப உட்டுப் போகும்" என்றார் காளியப்பன்.

தனப்பிரியாவும் அது நல்ல யோசனை என்றுதான் சொன்னாள். செத்தால் முதலில் அறுக்கிறது அந்தக் கயிற்றைத்தான் என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, கம்ப்யூட்டர் படித்த மகளுக்கும் தோன்றவில்லை.

அப்பாவை உள்ளே கொண்டுவந்து கிடத்தினார்கள். நெற்றியில் விபூதி பூசி, புதுவேட்டி கட்டி, மேலே கோடித்துணி போர்த்தியிருந்தது. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்ததில் அவர் ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவர் மாதிரி இருந்தார். தனப்பிரியாவுக்கு உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனாள், வாசலுக்கு வந்தாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், கொடுத்த ஆளுக்கே மறுபடியும் கொடுத்தாள். கண் மட்டும் அண்ணனின் சட்டைப் பையைவிட்டு நகரவில்லை.

பந்தலுக்கு அடியில் முருகானந்தம் அன்பரசுவைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த வெளம்பரம் வருதே, அதுக்கும் இதுக்கும் ஏதோ இருக்குதுடா. சித்தப்பன் சும்மா இடுப்புல கட்டுவாரா? அவ எங்க இருக்கறான்னு இதுக்குள்ளதான் இருக்குது. எங்கிட்டக் குடு, சேலத்துல நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கறான். எந்தப் பூட்டா இருந்தாலும் ஒடைச்சுருவான்."

"மொதல்ல அப்பன எடுக்கலாம். அப்பறம் பாத்துக்கலாம்" என்றான் அன்பரசு. குரலில் கோபமும் இல்லை, சம்மதமும் இல்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். அவன் மனசில் என்ன இருக்கிறது என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.

தனப்பிரியா தண்ணீர்ச் செம்போடு பந்தல் காலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பென்டிரைவுக்கு மேல் ஒரு பாஸ்வேர்டும் உண்டுதான். ஆனால் அது அப்பா வைத்த பாஸ்வேர்டு. நீளமாக, யாருக்கும் தெரியாததாக வைக்கச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "நான் மறக்காதது எதுவோ அதைத்தான் வெக்க முடியும் சாமி" என்று சொல்லிவிட்டார். அவர் மறக்காதது அவருடைய முதல் ரிக் வண்டியின் நம்பராகத்தான் இருக்கும். அந்த நம்பரோடு அந்த வண்டியின் போட்டோ ஆபீஸ் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிறது. முருகானந்தம் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான்.

திறந்தால் எல்லாமே இருக்கும். எந்த ஊர், எந்தத் தெரு, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று நிலா ஒன்றுவிடாமல் எழுதியிருப்பாள், அப்பா ஒன்றுவிடாமல் கேட்டிருப்பார். தனப்பிரியாவிடம் துளித்துளியாகத்தான் சொல்வார். "உங்கக்கா மாடியில தக்காளி வெச்சாளாம், காச்சிருக்குதாம்" என்பார். "பாப்பாவுக்குப் பல்லு உழுந்துருச்சாம்" என்பார். எந்த ஊர் என்று அவள் வாயெடுத்தால், "கேக்காத சாமி. தெரியாட்டி பொய் சொல்ல வேண்டியதில்ல பாரு" என்பார். ஒருநாள் என்ன நினைத்தாரோ, லேப்டாப்பை மூடிவிட்டு, "நான் செத்தா அவளுக்குச் சொல்லாத. சொன்னா வந்துருவா. வந்தா இவனுங்க உடமாட்டானுங்க" என்றார். அப்போது அது ஏதோ வயசான பேச்சு மாதிரி இருந்தது.

"கொள்ளி வெக்கறவன் தண்ணி வாத்துட்டு ஈரத்துணியோட வரோணும்" என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

அன்பரசு சட்டையைக் கழற்றினான். "இங்க குடு, நான் வெச்சிருக்கறேன்" என்று முருகானந்தம் கையை நீட்டினான். அன்பரசு காதில் விழாதவன் மாதிரி அவனைத் தாண்டி நடந்து வந்து, சமையலறை வாசலுக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் சட்டையை மாட்டினான். அங்கே முறத்தில் வாய்க்கரிசி வைத்துக்கொண்டு தனப்பிரியா நின்றிருந்தாள். அவளை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே தொட்டிப் பக்கம் போய்விட்டான்.

யோசிக்க நேரமில்லை. பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டு அப்பாவைச் சுற்றி எழுந்தார்கள், எல்லார் முதுகும் இந்தப் பக்கம் இருந்தது. அவள் கை சட்டைப் பைக்குள் போய் வெளியே வந்தது. அறுந்த கறுப்புக் கயிறோடு அந்த நகமளவு இரும்பு. பீரோ சாவியை அண்ணன் ஏற்கெனவே அம்மாவிடம் கொடுத்திருந்தான். அவள் பென்டிரைவை அரிசியோடு சேர்த்து இடது கையில் மூடிக்கொண்டாள். எங்கே ஒளிப்பது? இடுப்பில் செருகினால் அழுகிற வேகத்தில் விழும். அரிசிப் பானையில் போட்டால் நாளைக்கு அத்தை சோறாக்கக் கையை விடுவாள். இந்த வீட்டில் எதை எங்கே ஒளித்தாலும் ஒருத்தர் கையில் அகப்பட்டுவிடும். முருகானந்தம் சும்மா இருக்கமாட்டான், வீட்டையே புரட்டிப்போடுவான். அண்ணன் அவனோடு சேர்ந்து தேடுவான். அன்றைக்குக் கார் ஓட்டியவன்தானே?

"வாய்க்கரிசி போடறவங்க போடுங்க, நேரமாச்சு!"

அம்மா பூவாத்தாள் போட்டாள். அத்தை போட்டாள். தனப்பிரியா மூன்று முறை சுற்றி வந்தாள். வலது கையால் அப்பாவின் உதட்டில் அரிசியை வைத்தாள். அது சரிந்து கழுத்தில் விழுந்தது. குனிந்து அவர்மேல் விழுந்து அழுதாள், நிஜமாகவே அழுதாள். அந்த அழுகைக்குள் இடது கையைக் கோடித்துணிக்கு அடியில் விட்டு, அப்பாவின் வேட்டி மடிப்பில், காலமெல்லாம் அது தொங்கிக்கொண்டிருந்த அதே இடத்தில் செருகினாள். அப்பாவின் வயிறு சில்லென்றிருந்தது. இதைத் திறந்தால் கொலை, இதை எரித்தால் அக்கா எழுதிய அத்தனையும் போச்சு. அப்பா, மன்னிச்சுருங்க என்று காதருகில் சொன்னாள்.

"போதும் எந்திரி சாமி" என்று அத்தை அவளைத் தூக்கினாள்.

எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் ரோட்டு முக்கு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவி விட்டார்கள். தனப்பிரியா ஈரத் தரையில் நின்று மேற்கே பார்த்தாள், புகை தெரிகிறதா என்று. கரும்புக்காட்டுக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது.

ஆண்கள் திரும்பி வந்ததும் முருகானந்தம் முதல் வேலையாகக் கேட்டான்.

"அன்பு, அதைக் குடு."

அன்பரசு மொட்டையடித்த தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே ஆணியிலிருந்த சட்டையை எடுத்தான். பையில் கைவிட்டான். இன்னொரு பையில் விட்டான். சட்டையை உதறிப் பார்த்தான்.

"இதுலதான் வெச்சேன். எங்கியோ உழுந்துட்டுதாட்ட இருக்குது."

"உழுந்துட்டுதா? எங்கடா உழுகும்?"

"எனக்கென்றா தெரியும்? அப்பனத் தூக்கீட்டுப் போறதா, இதைப் பாத்துட்டு இருக்கறதா?"

முருகானந்தம் தொட்டிப் பக்கம், தென்னைமரத்தடி, பந்தல் என்று குனிந்து குனிந்து தேடினான். தனப்பிரியா கதவோரம் நின்றாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் பால் ஊற்றப் போனார்கள். எலும்பு பொறுக்கிக்கொண்டு அப்படியே மோகனூர் போய் ஆற்றில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி. அம்மாவின் இடுப்புச் செருகலில் அப்பாவின் போன் திடீரென்று உறுமியது.

பூவாத்தாள் எடுத்து மகளிடம் நீட்டினாள். "ஏதோ வந்திருக்குது பாரு."

எண்ணெய் விளம்பரம். தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திறந்தாள். எழுத்தும் எண்ணும் கலந்து வரிவரியாக ஓடியது. எப்போதையும்விட நீளமாக இருந்தது. அப்பா போனது தெரியாமல், அங்கே எந்த ஊரிலோ உட்கார்ந்து, பல்லு விழுந்ததையோ தக்காளி காய்த்ததையோ எழுதியிருக்கிறாள் நிலா.

"வெளம்பரமுங்கம்மா" என்றாள்.

பூவாத்தாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். "வெளம்பரத்தப் பாத்து அழுவற ஆம்பளைய நான் வேற எங்கியும் பாத்ததில்ல கண்ணு" என்றாள். "நல்லா இருக்கறாளாமா?"

தனப்பிரியா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். தெரியாதும்மா, தெரிந்துகொள்ளவும் முடியாது, நான்தான் எரித்தேன் என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அது போதும் என்பதுபோல் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஆற்றிலிருந்து வந்தவர்கள் பந்தலில் காப்பி குடித்தார்கள். முருகானந்தத்தின் பேச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அன்பரசு மட்டும் ஈர வேட்டியோடு உள்ளே வந்தான். விளக்குக்கு முன்னால், தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இறுக்கி மூடியிருந்த கையை விரித்தான்.

உள்ளங்கையில் கருகிச் சுருண்ட ஒரு இரும்புத் துண்டு.

"சாம்பல்ல கெடந்துச்சு" என்றான்.

அவள் சட்டென்று அவன் விரல்களை மடக்கினாள். வாசலைப் பார்த்தாள். "முருகானந்தண்ணன் பாத்துட்டாரா?"

"எலும்பு நான்தான பொறுக்குனேன்."

நேற்று முருகானந்தத்தைத் தாண்டி, அவள் பக்கத்து ஆணியைத் தேடி நடந்து வந்த அண்ணனை அவள் இப்போதுதான் பார்த்தாள். அவனுக்குப் பயந்துதானே எரித்தாள்! பெத்த பாவத்துக்கு அப்பா எட்டு வருடம் காத்துவைத்ததை, இவனை நம்பாமல், ஒரு நொடியில் நெருப்பில் போட்டுவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"இதென்ன, அவ எழுதுனதா?" போனைக் காட்டிக் கேட்டான்.

"ஆமாண்ணா. இப்பத்தான் வந்துச்சு."

"என்ன எழுதியிருக்கறா?"

"தெரியாதுண்ணா. இனி ஆராலயும் தொறக்க முடியாது."

அவன் கருகிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மழித்த தலையில் விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது.

"நீ எழுதுனா அவளுக்குப் போகுமா?"

"போகும். அவ சாவி அவகிட்டத்தான் இருக்குது."

"அப்பன் போயிட்டாருன்னு எழுது." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "வர வேண்டாம்னும் எழுது. முருகானந்தம் கருமாதி வரைக்கும் இங்கதான் இருப்பான். ஓமலூர்ல இருந்தே ஆளுங்க கண்ணு வெச்சிருப்பாங்க."

"செரிண்ணா."

"நான் சொன்னேன்னு எழுதாத. அப்பறம் நம்பமாட்டா."

பந்தலில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. இரும்புத் துண்டை அப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தான். போனை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துகளை மேலிருந்து கீழே மெல்லத் தள்ளிக்கொண்டே போனான். கடைசி வரி வந்ததும் மறுபடியும் மேலே போனான். திரை மங்கியது. விரலால் ஒருமுறை தொட்டான். மங்க மங்கத் தொட்டுக்கொண்டே இருந்தான்.